முட்டையைத் தருவது யார்? ஈஸ்டர் பரிசு மரபுகள்: ஓர் ஆய்வு

ஈஸ்டர் காலையில் ஒரு குழந்தையின் கைக்கு முட்டை வந்து சேர்கிறது. கிறிஸ்தவ உலகின் பெரும்பகுதியில் இது வழக்கம். யார் கொடுத்தது என்று அந்தக் குழந்தையைக் கேட்டால்தான் விடை ஊருக்கு ஊர் மாறும். கிரேக்கக் குழந்தை ஞானத்தாயைச் சொல்லும். பல்கேரியக் குழந்தை பாட்டியைக் கைகாட்டும். ஜெர்மன் குழந்தைக்குக் கொண்டுவந்தது முயல். பிரெஞ்சுக் குழந்தைக்கு, ரோமாபுரிக்குப் பறந்துபோய்த் திரும்பிய கோயில் மணி.

ஈஸ்டர் முட்டை பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் அதன் நிறத்தையும் பூவேலையையும் வர்ணிக்கிறார்கள். இல்லாவிட்டால் அது பழைய தேவதை வழிபாட்டின் மிச்சமா என்ற விவாதத்துக்குள் போய்விடுகிறார்கள். குழந்தையின் பக்கம் நின்று பார்த்தால், கொடுக்கும் கை எது என்பதை வைத்தே இந்த மரபுகளைத் தெளிவாகப் பிரித்துப் பார்க்க முடியும் என்று எனக்குப் படுகிறது. முகம் காட்டிக் கொடுக்கும் மரபுகள் ஒரு வகை. ஒளிந்திருந்து கொடுக்கும் மரபுகள் இன்னொரு வகை. கடந்த 150 ஆண்டுகளில் மூன்றாவதாகக் கடையும் வந்து சேர்ந்திருக்கிறது. குழந்தைக்கு எது எதைத் தருகிறது என்பதுதான் இந்தக் கட்டுரையின் கேள்வி.

நோன்பும் கோழியும்

முட்டை எப்படி இந்தப் பண்டிகைக்குள் வந்தது என்பதை முதலில் பார்த்துவிடலாம். தவக்காலம் என்று கத்தோலிக்கரும் லெந்து காலம் என்று சீர்திருத்த சபையினரும் சொல்லும் அந்த 40 நாட்களில், இடைக்கால மேலைத் திருச்சபை இறைச்சியோடு பால், வெண்ணெய், முட்டை எல்லாவற்றையும் விலக்கியிருந்தது. கிழக்கத்திய ஆர்த்தடாக்ஸ் சபைகளில் அந்த விதி இன்றும் இருக்கிறது. மனிதர் நோன்பிருக்கிறார் என்பதற்காகக் கோழி நிறுத்திக்கொள்ளாது. அதிலும் வட ஐரோப்பாவின் கோழிகள் பகல் வெளிச்சத்தை நம்பி முட்டையிடுபவை. குளிர்கால இருட்டில் ஏறக்குறைய நின்றுபோகும் முட்டை, மார்ச், ஏப்ரலில் பகல் நீள நீளப் பெருகும். ஆக, தின்னக் கூடாத நாட்களில்தான் முட்டை குவிந்தது. கெடாமலிருக்க வேகவைத்து எடுத்துவைத்தார்கள். நோன்பு முடிந்த காலையில் ஊரெங்கும் முட்டை.

குவிந்ததை என்ன செய்வது? ஜெர்மன் பேசும் பகுதிகளில் ஈஸ்டர் குத்தகைத் தவணை நாளாகவும் இருந்ததால், குடியானவர்கள் பண்ணைக்காரருக்கு முட்டையாகவே அளந்தார்கள். மேலிருந்து கீழும் முட்டை வந்தது. இங்கிலாந்து அரசர் முதலாம் எட்வர்ட் 1290ஆம் ஆண்டு ஈஸ்டருக்கு 450 முட்டைகள் வாங்க 18 பென்ஸ் செலவிட்டதை அரண்மனைக் கணக்கு காட்டுகிறது. அவற்றை வேகவைத்து, சாயமேற்றி, பொன் தகடு ஒட்டி அரண்மனைவாசிகளுக்குப் பங்கிட்டார்கள். 1614இல் வெளிவந்த ரோமானியச் சடங்குநூலில் ஈஸ்டர் முட்டையை மந்திரிப்பதற்கென்றே ஒரு செபம் இடம்பெற்றது. வாடகையாக, கொடையாக, மந்திரித்த உணவாக இருந்த முட்டை மெல்ல மெல்லக் குழந்தைகளின் பக்கம் நகர்ந்தது.

இந்த இடத்தில், எங்கும் திரும்பத் திரும்ப எழுதப்படும் ஒரு கதையை ஒதுக்கிவைக்க வேண்டியிருக்கிறது. ஈயோஸ்டர் என்ற வசந்த தேவதைக்கு முட்டையும் முயலும் உரியவை, அவற்றைத்தான் கிறிஸ்தவர்கள் எடுத்துக்கொண்டார்கள் என்பது அந்தக் கதை. அந்தத் தேவதையைப் பற்றி நமக்குக் கிடைத்திருப்பது ஆங்கிலத் துறவி பீட் 725ஆம் ஆண்டளவில் எழுதிய ஓரிரு வரிகள் மட்டுமே. அதில் முட்டையும் இல்லை, முயலும் இல்லை. ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் கழித்து 1835இல் யாக்கோப் கிரிம் அந்த வரிகளிலிருந்து ஒரு ஜெர்மானியத் தேவதையை ஊகித்தார். 1874இல் அடோல்ஃப் ஹோல்ட்ஸ்மன் முயலையும் அவளோடு சேர்த்தார். பறவையொன்றை அவள் முயலாக மாற்றினாள், அதனால்தான் முயல் முட்டையிடுகிறது என்ற கதை அதற்கும் பின்னால் வளர்ந்தது. அறிஞர்களின் ஊகம் நூறு ஆண்டுகளில் தொன்மமாகிவிட்டது. ஆதாரமுள்ள விளக்கமாக நோன்பும் கோழியும் இருக்கும்போது தேவதையைத் தேடிப் போகத் தேவையில்லை.

அதற்காக, முட்டையைப் போற்றியது கிறிஸ்தவர் மட்டுமே என்றும் சொல்லிவிட முடியாது. பாரசீகப் புத்தாண்டான நவ்ரூஸ் படையலில் வண்ண முட்டை உண்டு. யூதரின் பாஸ்கா விருந்துத் தட்டில் ஒரு முட்டை இருக்கும். தென்னாப்பிரிக்காவின் டீப்கிளூஃப் குகையில் கோடுகள் கீறிய தீக்கோழி முட்டையோடுகள் கிடைத்திருக்கின்றன. வயது சுமார் 60,000 ஆண்டுகள். ஓட்டைக் கண்டால் கோடு இழுக்கத் தோன்றுவது மனிதருக்கு மிகப் பழைய ஆசை.

முகம் காட்டிக் கொடுப்பவர்கள்

பல்கேரியாவில் முட்டைக்குச் சாயமிடும் நாள் பெரிய வியாழன். தவறினால் சனிக்கிழமை. முதல் முட்டைக்கு எப்போதும் சிவப்புதான். சாயத்திலிருந்து எடுத்ததும் பாட்டி அதைப் பேரப்பிள்ளைகளின் நெற்றியிலும் கன்னத்திலும் தடவுவார். ஆண்டு முழுவதும் நோய்நொடி அண்டக் கூடாது என்ற வேண்டுதல் அது. பிறகு அந்த முட்டை வீட்டிலுள்ள திருவுருவத்தின் அருகே அடுத்த ஈஸ்டர் வரை பத்திரமாக இருக்கும். பக்கத்து நாடான ருமேனியாவில் சிவப்பு முட்டையும் வெள்ளிக் காசும் போட்ட தண்ணீரில் பிள்ளைகள் ஈஸ்டர் காலையில் முகம் கழுவுகிறார்கள். சிவப்பு கிறிஸ்துவின் இரத்தம், ஓடு அவருடைய கல்லறை என்பது ஆர்த்தடாக்ஸ் விளக்கம். மகதலா மரியாள் ரோமப் பேரரசன் திபேரியுவின் முன் உயிர்ப்பை அறிவித்தபோது முட்டை சிவந்தது என்று ஒரு மரபுக் கதையும் வழங்குகிறது.

கிரேக்கத்தில் முட்டையோடு மெழுகுதிரியும் உண்டு. சனிக்கிழமை நள்ளிரவு உயிர்ப்பு வழிபாட்டுக்குப் பிள்ளை ஏந்திச் செல்ல வேண்டிய திரியை ஞானத்தாயோ ஞானத்தகப்பனோதான் வாங்கித் தர வேண்டும். திரியில் பொம்மை, கால்பந்துக் குழுவின் சின்னம், நாடாப் பூ என்று எதையாவது கட்டியிருப்பார்கள். கூடவே புதுச் சட்டை, புதுக் காலணி, இப்போது ஒரு பெரிய சாக்லேட் முட்டை. அந்தத் திரியில்தான் கோயிலில் ஏற்றிய புதுத்தீ வீடு வந்து சேரும். பரிசு வழிபாட்டுக்கு வெளியே நிற்கவில்லை. வழிபாட்டுக்குள் போக அதுவே பிள்ளையின் கையில் இருக்கும் பொருள்.

ஸ்பெயினின் கத்தலோனியாவில் ஈஸ்டர் திங்களன்று ஞானத்தகப்பன் பிள்ளைக்கு 'மோனா' என்ற கேக்கைக் கொடுக்கிறார். பழைய மோனா இனிப்பு ரொட்டி வளையம். மேலே வேகவைத்த முட்டைகளைப் பதித்திருக்கும். பிள்ளைக்கு எத்தனை வயதோ அத்தனை முட்டை, 12 வயது வரை. கிழக்கு ஜெர்மனியின் லுசாசியா பகுதியில் வாழும் சோர்பிய மக்களிடமும் இதே உறவைக் காணலாம். அங்கே ஞானப்பெற்றோர் தங்கள் ஞானப்பிள்ளைகளுக்கு வேலைப்பாடு செய்த முட்டைகளோடு ரொட்டியும் மிளகு கேக்கும் தருகிறார்கள். முட்டையில் கோலம் போட வாத்து இறகின் முனையை முக்கோணமாகவும் சாய்சதுரமாகவும் வெட்டி, உருகிய மெழுகில் தொட்டு, முத்திரை குத்துவதுபோல ஓட்டில் பதிக்கிறார்கள்.

ஒன்றுக்கொன்று வெகுதூரம் உள்ள மூன்று சமூகங்களில் ஞானப்பெற்றோரே கொடுப்பவர்களாக இருப்பது தற்செயலாக எனக்குத் தோன்றவில்லை. பெற்றவர்கள் இளம் வயதிலேயே இறந்துபோவது சாதாரணமாக இருந்த காலத்தில், பிள்ளைக்கு இரண்டாவது காவலாக நிறுத்தப்பட்டவர்கள் ஞானப்பெற்றோர். திருமுழுக்கு நாளில் ஒருமுறை சொன்ன வாக்கை ஆண்டுதோறும் புதுப்பிக்க ஒரு நாளும் ஒரு பொருளும் வேண்டியிருந்தன. வயதுக்கு ஒரு முட்டை கூடும் மோனாவில் அந்த ஆண்டுக்கணக்கு பிள்ளையின் கண்முன்னே இருக்கிறது.

போலந்தில் கொடுப்பதைவிடக் கொண்டுபோவது முக்கியம். பெரிய சனிக்கிழமையன்று ரொட்டி, உப்பு, இறைச்சி, முட்டை வைத்த கூடையைப் பிள்ளைகள் கோயிலுக்குத் தூக்கிச் சென்று மந்திரித்து வருகிறார்கள். மறுநாள் காலை குடும்பத்தார் அந்த முட்டையைத் துண்டாக்கி ஒருவருக்கொருவர் வாழ்த்துச் சொல்லிப் பகிர்ந்த பிறகே விருந்து.

உக்ரைனின் பிசாங்கா முட்டைக்கு இங்கே கொஞ்சம் இடம் ஒதுக்க வேண்டும். மெழுகு பூசித் துணிக்குச் சாயமேற்றும் பாத்திக் வேலையைப் பார்த்தவர்களுக்கு இதன் நுட்பம் உடனே பிடிபடும். வேகவைக்காத வெள்ளை முட்டையை எடுத்துக்கொள்வார்கள். கிஸ்த்கா என்ற கருவி, மரப்பிடியில் பொருத்திய ஒரு சின்னஞ்சிறு செப்புப் புனல். அதை மெழுகுதிரிச் சுடரில் காட்டித் தேன்மெழுகை உருக்கி, வெள்ளையாகவே இருக்க வேண்டிய கோடுகளை முதலில் வரைகிறார்கள். பிறகு முட்டையை மஞ்சள் சாயத்தில் முக்கி எடுத்து, மஞ்சளாக நிற்க வேண்டிய இடங்களை மெழுகால் மூடுகிறார்கள். அடுத்து ஆரஞ்சு, அதன்பின் சிவப்பு, கடைசியில் கறுப்பு. வெளிறிய நிறத்திலிருந்து அடர்ந்த நிறத்துக்குப் போகும் இந்த வரிசையை மாற்ற முடியாது. வேலை முடியும்போது முட்டை ஒரு கரிய உருண்டையாக, மெழுகுத் திட்டுகளோடு அவலட்சணமாக இருக்கும். அதைச் சுடரின் பக்கவாட்டில் பிடித்து, மெழுகு பளபளத்து இளகும் நேரத்தில் துணியால் துடைக்கத் துடைக்க, அடியில் இருந்த அத்தனை நிறங்களும் ஒன்றன்பின் ஒன்றாக வெளியே வருகின்றன. அந்த நேரத்தில் மேசையைச் சுற்றி நிற்கும் குழந்தைகளுக்கு வேறு பரிசு எதுவும் தேவைப்படாது என்று நம்புகிறேன்.

தீய சக்தி ஒன்று எங்கோ சங்கிலியால் கட்டப்பட்டிருக்கிறது, உலகில் பிசாங்கா எழுதுவது குறைந்தால் சங்கிலி தளரும் என்பது உக்ரைனின் மலைப்பகுதிக் கதை. சோவியத் ஆட்சியில் இந்தக் கலை மத வழக்கம் என்று ஒடுக்கப்பட்டபோது, கனடாவுக்கும் அமெரிக்காவுக்கும் போன உக்ரைனியர் வீடுகளில் தாய்மார் மகள்களுக்குக் கற்றுக்கொடுத்து வந்தார்கள். கனடாவின் வெக்ரவில் ஊரில் 1975இல் ஒரு பிரம்மாண்ட உலோகப் பிசாங்காவை நிறுத்தினார்கள். உக்ரைனின் கொலோமியா நகரில் 2000இல் முட்டை வடிவிலேயே ஓர் அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. 2024 டிசம்பரில் யுனெஸ்கோ இதை மானுடத்தின் பண்பாட்டு மரபுகளின் பட்டியலில் சேர்த்தது. உக்ரைனில் போர் நடந்துகொண்டிருந்தபோது வந்த அறிவிப்பு அது.

சாயமிட்ட முட்டைகளை ஒன்றோடொன்று முட்டவிட்டு, உடையாத முட்டைக்காரரே வென்றவர் என்று கொள்ளும் விளையாட்டு கிரேக்கத்திலிருந்து லெபனான் வரை பரவியிருக்கிறது. நம் நாட்டிலும் இதற்கு ஒரு சொந்தக்காரர் உண்டு. அசாமியர் பொகாக் பிகு நாட்களில் ஆடும் முட்டைச் சண்டை கிறிஸ்தவத்தோடு சம்பந்தமில்லாமலே அங்கே வழங்குகிறது. எகிப்திலோ காப்டிக் ஈஸ்டருக்கு மறுநாள் வரும் ஷம் எல் நசீம் நாளில் முஸ்லிம் பிள்ளைகளும் கிறிஸ்தவப் பிள்ளைகளும் ஒருசேர முட்டைக்கு வண்ணம் தீட்டுகிறார்கள்.

ஒளிந்திருந்து கொடுப்பவர்கள்

முயல் எப்போது வந்தது? ஹைடல்பர்க் மருத்துவர் கியோர்க் ஃபிராங்க் ஃபான் ஃபிராங்கெனாவின் பெயரில் 1682இல் வெளிவந்த இலத்தீன் ஆய்வேடுதான் நமக்குக் கிடைக்கும் முதல் தெளிவான சான்று. அல்சாஸ், பலாட்டினேட், வெஸ்ட்ஃபாலியா பகுதிகளில் ஒரு முயல் தோட்டத்துப் புல்லிலும் புதரிலும் முட்டையிட்டு ஒளித்துவைப்பதாகப் பெரியவர்கள் பிள்ளைகளிடம் சொல்கிறார்கள், பிள்ளைகள் தேடுகிறார்கள், பெரியவர்கள் பார்த்துச் சிரிக்கிறார்கள் என்று அது பதிவுசெய்கிறது. மருத்துவருக்கு இருந்த கவலை வேறு. அன்றைக்குக் கணக்கில்லாமல் முட்டை தின்று வயிற்றைக் கெடுத்துக்கொள்வதைப் பற்றித்தான் அவர் எச்சரிக்கிறார்.

சீர்திருத்த சபையினர் வாழ்ந்த ஊர்களிலேயே முயல் முதலில் வேரூன்றியது என்று நாட்டுப்புறவியலாளர் பலர் கருதுகிறார்கள். கத்தோலிக்க வீட்டில் முட்டைக்கு ஏற்கெனவே ஒரு பெருமை இருந்தது. குருவானவர் மந்திரித்தது அது. நோன்பையும் மந்திரிப்பையும் கைவிட்ட வீட்டில் முட்டை மட்டும் மிஞ்சியது. பிள்ளைக்கு அது ஏன் வருகிறது என்று சொல்ல ஒரு புதுக் கதை வேண்டியிருந்தது. எல்லா இடத்திலும் முயலே வந்துவிடவில்லை. ஸ்விட்சர்லாந்தின் சில பகுதிகளில் குயில், வெஸ்ட்ஃபாலியாவில் நரி, தூரிங்கியாவில் நாரை என்று வட்டாரத்துக்கு வட்டாரம் ஒரு விலங்கு இருந்தது. அச்சடித்த வாழ்த்து அட்டையும் மிட்டாய் அச்சும் வந்தபின் முயல் மற்றவற்றை ஓரங்கட்டியது.

18ஆம் நூற்றாண்டில் பென்சில்வேனியாவில் குடியேறிய ஜெர்மானியர்கள் முயலையும் உடன் கொண்டுபோனார்கள். பிள்ளைகள் தொப்பியைக் கவிழ்த்துக் கூடாக்கி, வீட்டின் மூலையிலோ கொட்டகையிலோ வைத்துவிட்டு உறங்குவார்கள். காலையில் அதில் வண்ண முட்டைகள் இருக்கும். இன்றைய அமெரிக்க ஈஸ்டர் கூடையின் மூதாதை அந்தத் தொப்பிதான். அந்த வீடுகளில் பெரியவர்கள் சாயமிட்ட முட்டையின் மேல் ஊசியால் கீறிப் பிள்ளையின் பெயரையும் ஆண்டையும் எழுதித் தருவதும் உண்டு. முயல் கொண்டுவந்தது என்று சொன்னாலும் கையெழுத்து யாருடையது என்று பிள்ளைக்குத் தெரியாமலா இருந்திருக்கும்?

இங்கிலாந்து அரண்மனைக்கும் முட்டை தேடும் விளையாட்டு ஒரு ஜெர்மானியத் தாய் வழியாகவே வந்தது. 1833 ஈஸ்டரன்று தாயார் ஒளித்துவைத்த அலங்கார முட்டைகளைத் தேடியதை 13 வயது விக்டோரியா தன் நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். பின்னாளில் அரசியானபோது அவரும் கணவர் ஆல்பர்ட்டும் தங்கள் பிள்ளைகளுக்காக அதையே செய்தார்கள்.

பிரான்ஸிலும் பெல்ஜியத்திலும் கதை கோயில் வழக்கத்திலிருந்தே பிறந்தது. பெரிய வியாழன் வழிபாட்டுக்குப் பிறகு உயிர்ப்பு இரவு வரை கத்தோலிக்கக் கோயில்களில் மணி அடிப்பதில்லை. தமிழ்நாட்டுக் கத்தோலிக்கப் பிள்ளைகளுக்கும் இது தெரியும். அந்த நாட்களில் மணிக்குப் பதிலாக மரக்கட்டை தட்டும் ஓசைதான் கேட்கும். மணி ஏன் ஒலிக்கவில்லை என்று கேட்ட பிரெஞ்சுப் பிள்ளைகளுக்கு, அது ரோமாபுரி போயிருக்கிறது, ஞாயிறு காலையில் திரும்பும்போது தோட்டத்தில் முட்டைகளைத் தூவிவிட்டு வரும் என்று பெரியவர்கள் சொன்னார்கள். கேள்வியும் பதிலும் பரிசும் ஒன்றாகப் பின்னிய இந்தக் கதை, முயல் கதையைவிட எனக்குப் பிடித்தமானது.

ஸ்வீடனிலும் பின்லாந்திலும் பிள்ளைகள் காத்திருப்பதில்லை. தாங்களே போய் வாங்குகிறார்கள். ஸ்வீடனில் பெரிய வியாழனன்று முக்காடும் நீண்ட பாவாடையும் கன்னத்தில் சிவப்புச் சாயமுமாகக் கிழவி வேடமிட்டு, தாங்கள் வரைந்த படங்களை வீடுவீடாகக் கொடுத்து மிட்டாய் பெறுகிறார்கள். பின்லாந்தில் குருத்தோலை ஞாயிறன்று இறகு கட்டிய வில்லோ மரக் குச்சியை ஆட்டி வாழ்த்துச் சொல்லி இனிப்பு வாங்குகிறார்கள்.

முட்டை விளையாட்டு பொதுவிழாவாகவும் வளர்ந்தது. வாஷிங்டனில் நாடாளுமன்றப் புல்வெளியில் ஈஸ்டர் திங்களன்று முட்டை உருட்டிய பிள்ளைகளால் புல் பாழாகிறது என்று 1876இல் சட்டம் போட்டுத் தடுத்தார்கள். 1878இல் அதிபர் ரூதர்ஃபோர்டு ஹேஸ் வெள்ளை மாளிகைத் தோட்டத்தைப் பிள்ளைகளுக்குத் திறந்துவிட்டார். போர், பெருந்தொற்று போன்ற காரணங்களால் சில ஆண்டுகள் நின்றதைத் தவிர, அது இன்றுவரை நடக்கிறது.

கடை கொடுப்பது

பிரிஸ்டல் நகரின் ஃபிரை நிறுவனம் 1873இல் உள்ளே கூடான சாக்லேட் முட்டையை வார்த்தது. இரண்டு ஆண்டுகள் கழித்து கேட்பரி வந்தது. 1905இல் கேட்பரியின் டெய்ரி மில்க் சாக்லேட் வெளியான பிறகு முட்டை விற்பனை பலமடங்கு பெருகியது. பின்லாந்தின் ஃபாட்சர் நிறுவனம் 1896 முதல் 'மின்யோன்' முட்டையைச் செய்துவருகிறது. உண்மையான கோழிமுட்டை ஓட்டைச் சுத்தம்செய்து அதற்குள் சாக்லேட்டை ஊற்றி மூடுவார்கள். பிள்ளை ஓட்டை உடைத்துத்தான் தின்ன வேண்டும். கடைச் சரக்கில் வீட்டு வேலையின் நினைவு தங்கிய அபூர்வமான பொருள் அது. இத்தாலியின் பெரிய சாக்லேட் முட்டைக்குள் எப்போதும் ஒரு பரிசு இருக்கும். அந்த எதிர்பார்ப்பைத்தான் ஃபெரேரோ நிறுவனம் 1974இல் உள்ளங்கை அளவில் சுருக்கி, ஆண்டு முழுவதும் விற்கும் கிண்டர் முட்டையாக்கியது. தின்பண்டத்துக்குள் தின்னக் கூடாத பொருளை வைப்பதை 1938ஆம் ஆண்டுச் சட்டம் தடுப்பதால், அமெரிக்காவில் அந்த முட்டைக்கு இடமில்லை.

1885 முதல் ரஷ்யப் பேரரசர்களுக்காக ஃபபெர்ஜே பட்டறை செய்த 50 ரத்தின முட்டைகளைப் பற்றிப் பலரும் எழுதிவிட்டார்கள். அவை குழந்தைகளுக்கானவை அல்ல, கடந்துபோகலாம்.

கடை நல்ல காரியமும் செய்திருக்கிறது. ஆஸ்திரேலியாவில் 1859இல் வேட்டைக்காக விடப்பட்ட சில முயல்கள் பெருகிக் கண்டத்தின் பெரும்பகுதியை மேய்ந்து அழித்தன. அந்த விலங்கைப் பிள்ளைகளிடம் கொண்டாடுவானேன் என்று 1991இல் ஓர் இயக்கம் எழுந்து, முயலைப்போல நீண்ட காதுள்ள உள்நாட்டுச் சிறுவிலங்கான பில்பியை முன்னிறுத்தியது. ஹேக்ஸ் என்ற சாக்லேட் நிறுவனம் 1993 முதல் பில்பி வடிவம் விற்று, வருவாயில் ஒரு பங்கை அந்த விலங்கின் பாதுகாப்புக்குத் தருகிறது.

ஆனால் கடைமுட்டையின் விலை நாம் கொடுக்கும் பணத்தோடு முடிவதில்லை. உலகின் கோகோவில் பாதிக்கு மேல் ஐவரி கோஸ்ட், கானா என்ற இரண்டு நாடுகளிலிருந்து வருகிறது. அந்த இரு நாடுகளின் கோகோத் தோட்டங்களில் சுமார் 15 லட்சத்து 60 ஆயிரம் குழந்தைகள் வேலை செய்வதாக சிகாகோ பல்கலைக்கழகத்தின் ஆய்வமைப்பு 2020இல் மதிப்பிட்டது. வெட்டுக்கத்தியால் கோகோ காயைப் பிளக்கும் பிள்ளையும் சாக்லேட் முட்டையை உடைக்கும் பிள்ளையும் ஒரே வயதினராக இருக்கலாம். குழந்தைகளை மகிழ்விக்கும் பண்டிகை என்று சொல்லிக்கொண்டு இதைப் பார்க்காமல் போவது எனக்குச் சரியாகப் படவில்லை. நோய், மோசமான வானிலை, குறைந்த விளைச்சல் காரணமாக 2024 டிசம்பரில் கோகோ விலை டன்னுக்கு 12,000 டாலரைத் தாண்டியபோது, சில நிறுவனங்கள் முட்டையின் எடையைக் குறைத்தன. அட்டைப்பெட்டி சிறுக்கவில்லை. 2025 மார்ச்சில் அமெரிக்காவில் பறவைக் காய்ச்சலால் கோழிமுட்டை டஜன் 6.23 டாலராக ஏறியதும், சில வீடுகளில் உருளைக்கிழங்குக்குச் சாயமிட்டார்கள். பிள்ளைகள் அதையும் மகிழ்ந்து செய்தார்கள் என்பதில் ஒரு செய்தி இருக்கிறது. அவர்களுக்கு வேண்டியிருந்தது மேசையும் சாயமும் பக்கத்தில் ஒரு பெரியவரும்.

உயிருள்ள முயல்குட்டியையும் சாயம் பூசிய கோழிக்குஞ்சையும் ஈஸ்டர் பரிசாக வாங்குவதைப் பற்றி ஒரே வார்த்தை: வேண்டாம். வீட்டு முயல் எட்டு, பத்து ஆண்டுகள் வாழும். பிள்ளையின் ஆர்வம் அத்தனை நாள் நீடிப்பதில்லை.

நம் வீடுகளில்

தமிழ்க் கிறிஸ்தவ வீடுகளில் முட்டை ஈஸ்டரின் நடுவில் இருந்ததில்லை. கத்தோலிக்கருக்கு சனி இரவு பாஸ்கா திரியும் புதுத்தீயும், சீர்திருத்த சபையினருக்கு ஞாயிறு விடியற்காலை ஆராதனையும், இருவருக்கும் புதுத்துணியும் நோன்பு முடித்த கறிச்சாப்பாடும்தான் பண்டிகை. இதற்குக் காரணம் தேடினால் பகல் வெளிச்சத்துக்கே வர வேண்டியிருக்கிறது. நிலநடுக்கோட்டுக்கு அருகில் பகல் பெரிதாகக் கூடுவதோ குறைவதோ இல்லை. கோழி ஆண்டு முழுவதும் இடுகிறது. குளிர்காலத்தில் காணாமல்போய் வசந்தத்தில் திரும்பிவந்த அதிசயமாக முட்டையைக் காண நமக்கு வாய்ப்பே இருந்ததில்லை. இன்று நாமக்கல் பண்ணைகள் நாள்தோறும் கோடிக்கணக்கில் முட்டை அனுப்புகின்றன.

ஆங்கிலோ இந்தியர் வழியாக மார்சிபான் முட்டை பெருநகர பேக்கரிகளுக்கு வந்தது. பாதாமுக்குப் பதில் முந்திரி விழுதில் செய்வதும் உண்டு. சென்னை, மும்பை, கொல்கத்தா, கோவா, கொச்சியில் தவக்காலக் கடைசி வாரத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் அவை வரிசையாக நிற்கும். நகரத்துச் சபைகள் சிலவற்றில் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்காக முட்டை ஒளித்துவைக்கிறார்கள். டொராண்டோவிலும் ஓஸ்லோவிலும் ஜெர்மன் நகரங்களிலும் வளரும் ஈழத்தமிழ்ப் பிள்ளைகள், சைவ வீட்டுப் பிள்ளைகள் உட்பட, பாலர் பள்ளியில் நிறம் தீட்டிய முட்டையைப் பத்திரமாக வீட்டுக்குக் கொண்டுவருகிறார்கள்.

இந்த வழக்கம் நம்மிடம் பரவுவதை நான் குறை சொல்ல மாட்டேன். பரவும்போது அது கடையின் வழியாக, முயல் முகத்தோடு மட்டும் வருவதுதான் வருத்தம் தருகிறது. எடுத்துக்கொள்வதற்கு மேலானது வேறு இருக்கிறது. கிரேக்கரிடமும் கத்தலோனியரிடமும் உள்ள அந்த ஞானப்பெற்றோர் உறவு நமக்கும் உண்டு. திருமுழுக்கன்று சட்டையும் சங்கிலியும் வாங்கித் தந்து, குழந்தையைக் கையில் ஏந்தி நின்று வாக்குக் கொடுக்கிறோம். அதன்பின் அந்த உறவுக்கென்று ஒரு நாள் நம் நாட்காட்டியில் இல்லை.

ஞானத்தாயாகவோ ஞானத்தகப்பனாகவோ இருப்பவர்கள் வரும் பெரிய வியாழன் மாலையில் ஒரு மணி நேரத்தை அந்தப் பிள்ளைக்காக ஒதுக்குங்கள். பெரிய வெங்காயத்தின் காய்ந்த தோலை இரண்டு கைப்பிடி எடுத்து, அரை மணி நேரம் தண்ணீரில் கொதிக்கவிட்டு வடிகட்டி, ஒரு கரண்டி வினிகர் சேருங்கள். வெள்ளை முட்டையின் மேல் ஒரு கொத்தமல்லி இலையைப் படிய ஒட்டி, மெல்லிய துணியால் இறுக்கிச் சுற்றி நூலால் கட்டி, அந்தச் சாற்றில் பன்னிரண்டு நிமிடம் வேகவிடுங்கள். ஆறியதும் கட்டை அவிழ்ப்பது பிள்ளையின் வேலை. செங்காவி நிற ஓட்டில் இலை வெளிறிப் பதிந்திருக்கும். ஒரு சொட்டு எண்ணெய் தடவினால் பளபளக்கும். பிள்ளைக்கு எத்தனை வயதோ அத்தனை முட்டை போதும். உடனே குளிர்பெட்டியில் வைத்துவிடுங்கள். ஒரு வாரம் தாங்கும். நம் ஏப்ரல் வெயிலில் வேகவைத்த முட்டையை ஒரு மணி நேரத்துக்கு மேல் வெளியே விட்டால், அதைப் பிள்ளைக்குத் தின்னக் கொடுக்கக் கூடாது.